கோர்ட்டில் கவனத்தைக் கலைப்பவர்களை எதிர்கொள்வது எப்படி: ஷட்டில் ஆட்டக்காரர்களுக்கு முழு வழிகாட்டி

மூன்றாவது கேம், 19-19. நெட்டுக்கு மேலே தளர்வாக எழும்பிய காக்கை (இறகுப் பந்தை) அடித்து முடிக்க ராக்கெட்டை ஓங்குகிறீர்கள். அதே நொடியில் எதிரே நிற்பவர் “ஏய்!” என்று கத்திக்கொண்டு இரண்டு கைகளையும் ஆட்டுகிறார். காக் நெட்டில் முட்டி உங்கள் பக்கமே விழுகிறது. நீங்கள் முறையிட வாயெடுப்பதற்குள் வெளியிலிருந்து ஒரு குரல் வருகிறது: “சும்மா ஆடு தம்பி, மேட்ச்னா இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்.” ஸ்கோர் 20-19 ஆகிவிடுகிறது.

இருக்கக் கூடாது. உலக பாட்மிண்டன் கூட்டமைப்பின் விதி 13 இதைத் தெளிவாகவே சொல்கிறது: கத்துவது, சைகை செய்வது போன்ற எந்தச் செயலாலும் எதிராளியின் கவனத்தை வேண்டுமென்றே கலைத்தால் அது ஃபால்ட். அந்தப் பாயிண்ட் உங்களுடையது. ஆனால் தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை வட்டாரத்தில் நடக்கும் பெரும்பாலான நாக் அவுட் போட்டிகளில், முக்கியமாகப் பொங்கலை ஒட்டி நடப்பவற்றில், முதல் சுற்றுகளுக்கு அம்பயரே இருப்பதில்லை. விதி யாருக்கும் சரியாகத் தெரியாத இடத்தில் குரல் பெரிதாக இருப்பவர் பக்கம் பாயிண்ட் போய்விடுகிறது. இந்த வழிகாட்டி அதற்காகத்தான். எது முறை, எது தவறு, தவறு நடந்தால் அந்த நொடியில் என்ன செய்வது, மேட்சுக்கு முன்பே எதைப் பேசி முடிப்பது என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

ஏமாற்றுவது வேறு, கலைப்பது வேறு

எதிராளியை ஏமாற்றுவது இந்த ஆட்டத்தின் உயிர். ஸ்மாஷ் (வேகமாகக் கீழ்நோக்கி அடிப்பது) அடிப்பதுபோல் ஓங்கி, நெட்டருகே மெதுவாக விழும் டிராப் போடலாம். நெட்டில் ராக்கெட்டை ஒரு கணம் நிறுத்தி, எதிராளி முன்னால் காலெடுத்து வைத்த பிறகு பின்கோட்டுக்குத் தூக்கலாம். குட்டை சர்வீஸ் போலத் தொடங்கி மணிக்கட்டைச் சுண்டி ஃப்ளிக் செய்யலாம். இதில் ஏமாந்தவர் புகார் சொல்ல எதுவும் இல்லை. அடுத்த முறை காத்திருந்து ஆட வேண்டியதுதான். ராக்கெட்டும் காக்கும் சேர்ந்து செய்கிற ஏமாற்று எல்லாம் ஆட்டத்துக்குள் அடங்கும். வாய், கால், கடிகாரம் இவற்றைக் கொண்டு செய்வது ஆட்டத்துக்கு வெளியே போய்விடுகிறது. சந்தேகம் வரும்போதெல்லாம் இந்த ஒரு அளவுகோலை வைத்துப் பாருங்கள். பத்தில் ஒன்பது தகராறு தீர்ந்துவிடும்.

சர்வீஸ் மட்டும் இதற்கு விதிவிலக்கு. அங்கே ராக்கெட்டைப் பாதியில் நிறுத்தி ஏமாற்ற முடியாது. விதி 9-இன்படி ராக்கெட் முன்னோக்கி நகரத் தொடங்கிய பிறகு நிற்காமல் போய்க் காக்கை அடிக்க வேண்டும். பாதி வந்து நிறுத்தி, எதிராளி அசைந்ததைப் பார்த்துவிட்டு அடித்தால் ஃபால்ட். ராக்கெட்டைப் பின்னால் இழுத்து முடித்துவிட்டு வேண்டுமென்றே காத்திருப்பதும் தாமதமாகக் கணக்கிடப்படும். சர்வீஸ் போடுபவர், எடுப்பவர் இருவரின் இரண்டு கால்களிலும் ஏதாவது ஒரு பகுதி, காக் அடிக்கப்படும்வரை தரையில் அசையாமல் இருக்க வேண்டும். சர்வீஸ் எடுப்பவர் காலைத் தூக்கித் தரையில் தட்டினால் அதுவே ஃபால்ட். அதே சர்வீஸில் போட்டவரும் தவறியிருந்தால் லெட், அதாவது அந்தச் சர்வீஸை மறுபடி போட வேண்டும். காக் முழுவதும் தரையிலிருந்து 1.15 மீட்டருக்குக் கீழே இருக்கும்போது அடிபட வேண்டும் என்பது 2018 முதல் உள்ள அளவு. அதற்கு முன் இருந்த இடுப்பு, விலா எலும்புக் கணக்கை இன்னும் சில பெரியவர்கள் சொல்வார்கள். அது இப்போது செல்லாது.

சர்வீஸில் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. மலேசியாவின் சிதெக் சகோதரர்கள் புகழ்பெறச் செய்த ‘எஸ்’ சர்வீஸ், காக்கைத் தடுமாறிப் பறக்கவைத்து எதிராளியை ஆடவே விடாமல் செய்தது. 1982-இல் அது தடைசெய்யப்பட்டது. 2023-இல் விரலால் சுழற்றிவிட்டு அடிக்கும் சர்வீஸ் பரவியபோது அதே ஆண்டு மே மாதமே கூட்டமைப்பு தடை போட்டது. யூடியூபில் பார்த்துவிட்டு நம் ஊர்ப் பையன்கள் இன்னும் அதைப் போட்டுப் பார்க்கிறார்கள். போட்டியில் போட்டால் ஃபால்ட்தான்.

மேட்சுக்கு முன் ஐந்து நிமிடப் பேச்சு

அம்பயர் இல்லாத மேட்சில் சண்டை வருவது பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் அல்ல. முன்கூட்டிப் பேசி வைக்காததால். வார்ம்-அப் முடிந்ததும் நால்வரும் நெட் அருகில் வாருங்கள். வயதில் மூத்தவர் பேசத் தொடங்கினால் பேச்சு சுமுகமாகப் போகும்.

முதலில் கோடு. அவரவர் பக்கக் கோட்டை அவரவர் சொல்வது என்பது எங்கும் உள்ள வழக்கம். கோட்டில் பட்டால் இன். காக் முதலில் தொட்ட இடம்தான் கணக்கு, அது சறுக்கிப் போய் நின்ற இடம் அல்ல. இதோடு ஒன்றைக் கட்டாயம் பேசிக்கொள்ளுங்கள்: சரியாகப் பார்க்கவில்லை என்றால் பாயிண்ட் யாருக்கு? “பாக்கலைன்னா எதிராளிக்கு” என்று வைத்துக்கொள்வதே நல்லது. “பாக்கலைன்னா லெட்” என்று வைத்தால் தோற்கப்போகிற ஒவ்வொரு பாயிண்டிலும் யாராவது ஒருவர் பார்க்காமலே இருப்பார்.

அடுத்தது கூரை. டெல்டாவில் பாதி ஷெட்டுகள் தகரக் கூரையும் இரும்புக் கம்பியுமாக இருப்பவை. காக் கூரையில் பட்டால் பொது விதிப்படி ஃபால்ட். ஆனால் கட்டடத்தின் அமைப்பால் குறுக்கே தொங்கும் கம்பி, விளக்கு போன்றவற்றுக்கு உள்ளூர் விதி வைத்துக்கொள்ள இடமிருக்கிறது. எந்தக் கம்பியில் பட்டால் லெட், எதில் பட்டால் ஃபால்ட் என்று கையை நீட்டிக் காட்டிப் பேசிக்கொள்ளுங்கள். நெல் காயவைக்கும் சிமெண்ட் களத்தில் கோடு போட்டு ஆடும் ஊர்களில் கூரைப் பிரச்சினை இல்லை. அங்கே காற்றுதான் பிரச்சினை. டாஸ் ஜெயித்தவர் சர்வீஸையோ பக்கத்தையோ தேர்ந்தெடுக்கலாம். காற்று ஒரே திசையில் அடித்தால் பக்கம் எடுப்பது மேல். ஒவ்வொரு கேம் முடிந்ததும் பக்கம் மாற வேண்டும். மூன்றாவது கேமில் ஒருவர் 11-ஐத் தொட்டதும் மாற வேண்டும். “இப்படியே ஆடிடுவோம்ணே, எதுக்கு மாறிக்கிட்டு” என்று யாராவது சொன்னால் பணிவாக மறுத்துவிடுங்கள். காற்றை முதுகில் வைத்திருப்பவர்தான் அப்படிச் சொல்வார்.

பக்கத்துக் கோர்ட் காக் உள்ளே உருண்டு வந்தால் லெட். யார் கையைத் தூக்கி “லெட்” என்றாலும் எல்லோரும் நிறுத்துவது என்று பேசிக்கொள்ளுங்கள். கணுக்கால் பிசகுவது இந்த இடத்தில்தான்.

இடைவேளை நேரம் விதியிலேயே இருக்கிறது: கேமில் ஒருவர் 11-ஐத் தொட்டதும் 60 வினாடி, கேம்களுக்கு நடுவே 120 வினாடி. இதைத் தவிர மூச்சு வாங்குவதற்கென்று நேரம் கிடையாது.

காக்கை வைத்துச் செய்யும் வேலைகள்

ஒரு நல்ல காக்கில் 16 இறகுகள் இருக்கும், எடை 4.74 முதல் 5.50 கிராம் வரை. டப்பாவில் உள்ள 75, 76, 77 போன்ற எண் வேகத்தைக் குறிக்கிறது. எண் கூடினால் வேகம் கூடும். சித்திரை, வைகாசி வெயிலில் காற்று லேசாகி காக் தூரம் போகும் என்பதால் ஒரு எண் குறைவாகவும், மார்கழிக் குளிரில் ஒரு எண் கூடுதலாகவும் எடுப்பது வழக்கம். போட்டி நடத்துபவர் மார்கழியில் வாங்கி மிச்சமான டப்பாவைச் சித்திரையில் உடைத்தால் பின்கோட்டை நோக்கி உயரமாகத் தூக்கும் கிளியர் எல்லாம் அவுட் போகும், அதன்பின் ஆட்டம் முழுக்கக் காக்கைப் பற்றிய சண்டைதான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஈரம் ஏறினாலும் பறக்கும் விதம் மாறிவிடும். டப்பாவைத் திறந்து தரையில் வைக்காமல் மூடி வையுங்கள்.

வேகத்தைச் சோதிக்க ஊகம் தேவையில்லை. பின்கோட்டுக்கு மேல் நின்று, கீழிருந்து மேலாக முழு வீச்சில், பக்கக் கோட்டுக்கு இணையாக அடியுங்கள். எதிர்ப் பின்கோட்டுக்கு உட்புறம் 53 முதல் 99 சென்டிமீட்டருக்குள் விழுந்தால் சரியான வேகம். இரண்டு அணியிலிருந்தும் ஒவ்வொருவர் இரு பக்கத்திலிருந்தும் அடித்துப் பாருங்கள். காற்றின் பாதிப்பும் தெரிந்துவிடும்.

இப்போது தந்திரத்துக்கு வருவோம். இறகு நுனிகளை வெளிப்பக்கம் மடித்தால் காக் மெதுவாகும்; உள்பக்கம் மடித்தால் வேகமாகும். ஸ்மாஷ் பலமாக உள்ள எதிராளியைச் சமாளிக்க, சர்வீஸ் போடுவதற்கு முன் விரலால் தடவுவதுபோல நுனியை வளைத்துவிடுகிறவர்கள் உண்டு. வேகத்தையோ பறக்கும் விதத்தையோ மாற்றுவதற்காகக் காக்கைச் சேதப்படுத்துவது விதி 16-இன்படி நேரடித் தவறு. இறகைத் தடவி நேராக்குவது வேறு, வளைப்பது வேறு. எதிராளி சர்வீஸுக்கு முன் இறகோடு நீண்ட நேரம் மல்லுக்கட்டினால், அடுத்து காக் உங்கள் கைக்கு வரும்போது நுனிகளைப் பாருங்கள். வளைந்திருந்தால் அந்தக் காக்கில் ஆடாமல், எடுத்துக் காட்டி மாற்றச் சொல்லுங்கள்.

இன்னொன்று, காக் மாற்றக் கேட்டு ஆட்டத்தின் ஓட்டத்தை உடைப்பது. எதிரணி தொடர்ந்து நான்கு பாயிண்ட் எடுத்ததும் நல்ல காக்கைக் காட்டி “இது சரியில்லை” என்பார்கள். அம்பயர் இருந்தால் மாற்றுவதா வேண்டாமா என்பது அவர் முடிவு. இல்லாத இடத்தில் இரு அணியும் ஒப்புக்கொண்டால்தான் மாற்றுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். இறகு உடைந்திருந்தாலோ தள்ளாடிப் பறந்தாலோ உடனே ஒப்புக்கொள்ளுங்கள். அதில் அடம் பிடிப்பதும் முறையல்ல.

நேரத்தை வைத்துச் செய்யும் வேலைகள்

ஷூ லேஸைக் கட்டுவது, டவல் எடுப்பது, தரையைத் துடைக்கச் சொல்வது, ராக்கெட் மாற்றுவது. ஒவ்வொன்றும் தனித்தனியே நியாயமானதுதான். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை தரையில் சொட்டத்தான் செய்யும். மேட் விரிப்பில் ஈரம் இருந்தால் துடைத்தே ஆக வேண்டும். ஆனால் எதிரணி எப்போது இதைச் செய்கிறது என்று கவனியுங்கள். நீங்கள் முன்னேறும்போது மட்டும் லேஸ் அவிழ்கிறது என்றால் அது வேண்டுமென்றே செய்யும் தாமதம். இரண்டாவது முறையே அம்பயரிடம் சொல்லுங்கள், ஐந்தாவது முறைவரை பொறுத்திருக்க வேண்டாம். பொறுத்திருந்து கோபம் வந்த பிறகு சொன்னால் உங்கள் ஆட்டம்தான் கெடும்.

வலி என்று உட்காருவதும் இதோடு சேர்ந்தது. டென்னிஸில் உள்ளதுபோல வைத்தியத்துக்கென்று நேரம் ஷட்டிலில் கிடையாது. பலத்தையோ மூச்சையோ மீட்டுக்கொள்வதற்காக ஆட்டத்தை நிறுத்தவே கூடாது என்பது விதி. அதிகாரபூர்வப் போட்டியில் அம்பயர், போட்டி முழுவதற்கும் பொறுப்பான ரெஃபரியை அழைப்பார். டாக்டர் வந்து பார்க்க வேண்டுமா என்பது ரெஃபரியின் முடிவு. ஆனால் ஒரு மனிதர் உண்மையாகவே கால் பிசகி விழுந்திருந்தால் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். முதலில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுங்கள்.

அதிகம் பேர் பாயிண்ட் இழப்பது இதற்கு நேர்மாறான தந்திரத்தில். நீங்கள் தயாராவதற்குள் அவசரமாகச் சர்வீஸ் போட்டுவிடுவார்கள். விதி உங்கள் பக்கம்தான்: எடுப்பவர் தயாராவதற்குள் போட்டால் லெட். ஆனால் அதே விதியில் ஒரு கண்ணி இருக்கிறது. நீங்கள் காக்கை அடிக்க முயன்றுவிட்டால் தயாராக இருந்ததாகவே கணக்கு. அனிச்சையாக ராக்கெட்டை நீட்டிவிட்டு “நான் ரெடியே இல்லை” என்று சொல்லிப் பயனில்லை. எனவே இதைப் பயிற்சியிலேயே பழக்கமாக்குங்கள்:

1. சர்வீஸ் எடுக்கும் கட்டத்துக்குள் நுழைவதற்கு முன்பே ராக்கெட் பிடிக்காத கையை எதிராளிக்குத் தெரியும்படி உயர்த்துங்கள்.
2. கை உயர்ந்தபடியே இருக்க, முன்காலையும் பின்காலையும் சரிசெய்து நில்லுங்கள்.
3. கண் காக்கின் மேல் நின்ற பிறகு கையை இறக்குங்கள். கை இறங்கினால்தான் தயார் என்று பொருள்.
4. கை உயர்ந்திருக்கும்போது சர்வீஸ் வந்தால் ராக்கெட்டை அசைக்காதீர்கள். காக் விழட்டும். அமைதியாக “லெட்” என்று சொல்லுங்கள்.

நான்காவது படிதான் கடினம். பார்ட்னரை முன்னறிவிப்பு இல்லாமல் இருபது சர்வீஸ் போடச் சொல்லி, கை உயர்ந்திருக்கும்போது வரும் காக்கை விடுவதை மட்டும் பயிற்சி செய்யுங்கள். முதல் நாளில் பாதிக்கு மேல் கை தானாகப் போகும். ஒரு வாரத்தில் அடங்கிவிடும்.

இதே கையுயர்த்தலை எதிராளியைக் காக்கவைக்கப் பயன்படுத்துவதும் தவறு. இருவரும் தயாரான பிறகு எந்தப் பக்கமும் சர்வீஸைத் தாமதிக்கக் கூடாது.

சத்தம், சைகை

தஞ்சைக்கு மட்டையும் பந்தும் புதிதல்ல. உல்லன் பந்தில் அணிக்கு ஐந்து பேர் ஆடும் பூப்பந்து, தஞ்சை அரச குடும்பத்தில் 1856 வாக்கிலேயே ஆடப்பட்டதாகச் சொல்வார்கள். ஐந்து பேர் நிற்கும் அந்த ஆட்டத்தில் யார் பந்து என்று கூவாமல் இருக்க முடியாது. பூப்பந்து ஆடிவிட்டு ஷட்டிலுக்கு வருபவர்களுக்கு வாய் ஓயாதது பழக்கம்தான், கெட்ட எண்ணம் அல்ல. ஆகவே சத்தம் என்றாலே தவறு என்று பாயாதீர்கள். காக் யார் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது என்று பாருங்கள்.

காக் அவர்கள் பக்கம் வரும்போது “விடு”, “அவுட்டு”, “உன்னுது”, “மாறு” என்று பார்ட்னருக்குச் சொல்வது முறையானது. காக் உங்கள் ராக்கெட்டை நோக்கி வரும்போது அவர்கள் வாயிலிருந்து வரும் கூச்சல் தவறு. நீங்கள் எடுக்கப் போகிற காக்குக்கு எதிராளி “அவுட்டு!” என்று கத்தி, அதை நம்பி நீங்கள் விட்டுவிட, காக் கோட்டுக்குள் விழுவதுதான் இதில் மிக மோசமானது. குரலைக் கேட்டுத் தங்கள் பார்ட்னர் என்று எண்ணி ஏமாந்தவர்கள் நிறைய. எனவே பார்ட்னர்கள் இருவரும் “அவுட்” என்ற பொதுச் சொல்லை விட்டுவிட்டுத் தங்களுக்கென்று ஒரு சொல்லை வைத்துக்கொள்வது பாதுகாப்பு. ஸ்மாஷ் அடிக்கும்போது மூச்சோடு வெளிவரும் சத்தம் யாருக்கும் தடையில்லை.

நெட்டில் ராக்கெட்டைத் தூக்குவது அடுத்த சிக்கல். நீங்கள் நெட்டருகே அடிக்கப் போகும்போது எதிரே இருப்பவர் முகத்தைக் காத்துக்கொள்ள ராக்கெட்டைத் தன் பக்கத்தில் அசையாமல் பிடித்தால் அதைக் குறை சொல்ல முடியாது. உங்கள் பக்கம் காக்கை அடித்த பிறகு உங்கள் ராக்கெட் நெட்டைத் தாண்டிப் போவது விதிப்படி சரி. அந்தப் பாதையில் ராக்கெட்டை நீட்டித் தடுத்தால் அவருக்குத்தான் ஃபால்ட். நெட்டுக்கு அடியில் காலையோ ராக்கெட்டையோ நுழைத்து உங்களுக்கு இடையூறு செய்வதும் அப்படியே. டபுள்ஸில் சர்வீஸ் போடும்போது பார்ட்னர் எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம். ஆனால் எடுப்பவருக்குக் காக் தெரியாதபடி மறைத்து நிற்கக் கூடாது. மிக்ஸட் டபுள்ஸில் ஆண் பின்னாலிருந்து சர்வீஸ் போட, முன்னால் நிற்கும் பெண் குனியாமல் நிற்கும்போது இந்தச் சிக்கல் அடிக்கடி வரும். “கொஞ்சம் குனிஞ்சுக்கங்க, காக் தெரியலை” என்று சர்வீஸுக்கு முன்பே சொன்னால் போதும்.

பாயிண்ட் முடிந்த பிறகான கத்தல் வேறு வகை. ஜெயித்த மகிழ்ச்சியில் கத்துவது எல்லோருக்கும் உண்டு. அதை எதிராளியின் முகத்தைப் பார்த்து, நெட்டை நோக்கி நடந்து, முஷ்டியைக் காட்டிச் செய்யும்போது அது தகாத நடத்தை ஆகிறது. 2023 அக்டோபரில் டென்மார்க் ஓபன் அரையிறுதியில் பி.வி. சிந்துவும் ஸ்பெயினின் கரோலினா மரினும் மோதியபோது, வாக்குவாதம் எல்லை மீற அம்பயர் இருவருக்குமே மஞ்சள் அட்டை காட்டினார். உலகச் சாம்பியன்களுக்கும் அதே அளவுகோல்தான் என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

அட்டைகளின் கணக்கு இது: மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு ஃபால்ட், எதிரணிக்குப் பாயிண்ட், கறுப்பு வெளியேற்றம், அதை முடிவு செய்யும் அதிகாரம் ரெஃபரியிடம். எச்சரிக்கை அணிக்கு உரியது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. டபுள்ஸில் பார்ட்னர் வாங்கிய மஞ்சள் உங்களுக்கும் சேர்த்துத்தான். கோபக்காரப் பார்ட்னரை அமைதிப்படுத்துவது உங்கள் வேலையும்கூட.

கோடு: பொய் அவுட்

மனதை மிகவும் புண்படுத்துவது இது. முதல் முறை நடந்தால் பொய் என்று முடிவு கட்டாதீர்கள். பின்கோட்டில் விழும் காக்கைத் திரும்பிக்கொண்டே பார்ப்பவருக்கு உண்மையாகவே தவறாகத் தெரியலாம். கேளுங்கள், குற்றம் சாட்டாதீர்கள்: “அண்ணே, நல்லா பாத்தீங்களா?” இந்த ஒரு கேள்விக்கே பலர் மாற்றிச் சொல்வதுண்டு. “பாத்தேன் தம்பி, அவுட்டுதான்” என்றால் ஏற்றுக்கொண்டு அடுத்த பாயிண்டுக்குப் போங்கள். இரண்டாவது முறையும் சந்தேகம் வந்தால் எதிராளியிடம் பேசாமல் நடத்துபவரிடம் போய் இரண்டு லைன்மேன் கேளுங்கள். பின்கோட்டு மூலையில் ஆளுக்கு ஒரு பக்கம் நாற்காலி போட்டு உட்கார வைத்தாலே போதும், அடுத்த பத்து நிமிடத்துக்குக் கோட்டுத் தகராறு இருக்காது.

செய்யக் கூடாதது பழிக்குப் பழியாக நீங்களும் ஒரு பொய் அவுட் சொல்வது. அதைச் சொன்ன நொடியிலிருந்து உங்கள் கவனம் காக்கில் இருக்காது. எதிராளி என்ன நினைக்கிறார் என்பதில் இருக்கும். அவர் விரும்பியதும் அதுதான்.

உங்கள் பக்கத் தவறுகளை நீங்களே சொல்லிவிடுங்கள். ராக்கெட்டின் ஓரத்தில் லேசாக உரசி அவுட் போன காக், சட்டையில் பட்டது, நெட்டில் ராக்கெட் தொட்டது, இவை எதிராளிக்குத் தெரியாது. உங்களுக்கு மட்டுமே தெரியும். “டச் ஆயிடுச்சு, உங்க பாயிண்ட்” என்று ஒருமுறை சொன்னவரின் கோட்டு முடிவை அதன் பிறகு எதிராளி கேள்வி கேட்பதில்லை.

இரண்டு பாயிண்டுக்கு நடுவே

இத்தனை தந்திரமும் குறிவைப்பது பாயிண்டுக்கும் பாயிண்டுக்கும் இடையிலுள்ள பத்துப் பன்னிரண்டு வினாடிகளைத்தான். அந்த நேரத்தில் மனம் எதிராளியிடம் போய்விட்டால் அடுத்த சர்வீஸ் கெடும். அந்த நேரத்தை நிரப்ப நிரந்தரமான ஒரு ஒழுங்கு வேண்டும்.

முதலில் நெட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்புங்கள். எதிராளியின் முகம் கண்ணில் படாதபோது பாதிக் கோபம் குறையும். ராக்கெட் நரம்புகளை விரலால் நேராக்கிக்கொண்டே மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள், இரண்டு முறை. உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக இருக்கட்டும். இறுகிய தோளும் பிடியும் அப்போதுதான் தளரும். பிடி இறுகியிருந்தால் குட்டை சர்வீஸ் உயரமாக எழும்பும், நெட் ஆட்டத்தில் நுணுக்கம் போய்விடும். பிறகு ஒரே ஒரு முடிவு எடுங்கள்: அடுத்த சர்வீஸ் எங்கே, அல்லது அடுத்த சர்வீஸை எங்கே திருப்புவது. “தப்பு பண்ணக் கூடாது” என்பது முடிவு அல்ல. “நடுக்கோட்டுப் பக்கம் குட்டையா போடுறேன்” என்பது முடிவு. அதன் பிறகே திரும்பிக் கட்டத்துக்குள் வாருங்கள்.

இது வார்த்தையில் படித்தால் வராது. வாரத்தில் இரண்டு நாள், பயிற்சியின் கடைசிப் பத்து நிமிடத்தில், இருபது குட்டை சர்வீஸ் அமைதியில் போட்டு எத்தனை சரியாக விழுகிறது என்று எண்ணுங்கள். பிறகு நண்பர்கள் பக்கக் கோட்டில் நின்று கைதட்டி, பேசி, போனில் பாட்டு வைத்துக்கொண்டிருக்க இன்னொரு இருபது போடுங்கள். இரண்டு எண்ணிக்கைக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் பலவீனம். அது இரண்டு, மூன்றுக்குள் வரும்வரை தொடருங்கள். நம் ஊரில் இது கட்டாயம் தேவை. போட்டி நாளில் பக்கத்துக் கோயிலில் தவில் சத்தம் இருக்கும், தெருவில் கல்யாண வீட்டு மைக் அலறும். அதையெல்லாம் நிறுத்தச் சொல்ல யாராலும் முடியாது.

முறையிடும் முறை

அடுத்த சர்வீஸ் போடுவதற்குள் சொல்ல வேண்டும். அதன் பிறகு அம்பயர் அந்தப் பாயிண்டைத் திரும்ப எடுக்க மாட்டார். இது தெரியாமல் மூன்று பாயிண்ட் கழித்து முறையிட்டு ஏமாறுபவர்கள் ஏராளம். ராலி (ஒரு பாயிண்டுக்கான ஆட்டம்) நடக்கும்போது நீங்களாக ஆட்டத்தை நிறுத்தாதீர்கள். அம்பயர் ஃபால்ட் சொல்லாவிட்டால் பாயிண்ட் போனது போனதுதான். ஆடி முடித்துவிட்டுக் கேளுங்கள்.

அணியில் ஒருவர் மட்டும் பேசுங்கள். நடந்ததை மட்டும் சொல்லுங்கள், உள்நோக்கத்தைச் சொல்லாதீர்கள். “இவர் வேணும்னே பண்றாரு சார்” என்றால் வாக்குவாதம் தொடங்கும். “சார், நான் அடிக்கும்போது இவர் கத்தினார். இது ரெண்டாவது தடவை. கொஞ்சம் பாருங்க” என்றால் அம்பயர் அடுத்த முறை அங்கே பார்ப்பார், எதிராளியும் அம்பயர் பார்ப்பதைப் பார்ப்பார். பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். அம்பயர் இல்லாவிட்டால் இதே சொற்களை எதிராளியிடமே நேராகச் சொல்லுங்கள். திரும்ப நடந்தால் நடத்துபவரை அழைத்து, மிச்ச ஆட்டத்துக்கு ஒரு நடுநிலையாளரை நிறுத்தச் சொல்லுங்கள். நெட்டுக்கு அடியில் புகுந்து எதிர்ப்பக்கம் போய் மட்டும் பேசாதீர்கள். நியாயம் உங்களிடம் இருந்தாலும் சண்டைக்குப் போனவர் நீங்கள்தான் என்று ஆகிவிடும்.

கோச் ராலியின் நடுவே கத்தி எதிரணியின் கவனம் கலைந்தால் லெட் தரலாம். காக் ஆட்டத்தில் இல்லாதபோது மட்டுமே அறிவுரை சொல்லலாம். பார்வையாளர் சத்தத்துக்கு ஃபால்ட் கிடையாது. ஆனால் எதிர்பாராத இடையூறு என்று அம்பயர் கருதினால் லெட் கொடுக்க முடியும்.

போட்டி நடத்துபவர்களுக்கு

லீக் சுற்று வைக்கும்போது அடுத்த சுற்றில் யாருக்கு யார் என்று முன்பே அறிவித்துவிடாதீர்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பெண்கள் டபுள்ஸில் சீனாவின் ஒரு ஜோடி, தென்கொரியாவின் இரண்டு, இந்தோனேசியாவின் ஒன்று என நான்கு ஜோடிகள் வெளியேற்றப்பட்டன. அடுத்த சுற்றில் சாதகமான எதிராளி கிடைக்க வேண்டும் என்று வேண்டுமென்றே தோற்கப் பார்த்ததே காரணம். சர்வீஸை நெட்டில் அடித்து, காக்கை வெளியே தட்டி ஆடினார்கள். தோற்றால் லாபம் என்ற அமைப்பு இருந்தால் ஒலிம்பிக்கிலேயே இது நடக்கிறது. லீக் முடிந்த பிறகு எல்லோர் முன்னிலையிலும் சீட்டுக் குலுக்கி நாக் அவுட் வரிசையைப் போட்டால் யாருக்கும் தோற்க ஆசை வராது.

மைக் வைத்தால் மேட்சுக்கும் மேட்சுக்கும் நடுவே மட்டும் பேசுங்கள். ராலியின் நடுவே நன்கொடையாளர் பெயரை வாசிப்பது ஆட்டக்காரர்களுக்குச் செய்யும் அநியாயம். போனில் படம் எடுப்பவர்களிடம் ஃபிளாஷை அணைக்கச் சொல்லுங்கள். 13 வயதுக்கு உட்பட்டோர் மேட்சில் பெற்றோர் நாற்காலிகளைப் பின்கோட்டுக்கு நேர் பின்னால் போடாதீர்கள். பிள்ளைகள் ஒவ்வொரு பாயிண்டுக்கும் திரும்பி அம்மா முகத்தைப் பார்க்கிறார்கள். பக்கக் கோட்டிலிருந்து மூன்று மீட்டராவது தள்ளிப் போட்டு, கோட்டு முடிவை வெளியிலிருந்து யாரும் சொல்லக் கூடாது என்று முதலிலேயே அறிவியுங்கள்.

சர்வீஸ் உயரத்துக்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஒரு பிவிசி குழாயில் 1.15 மீட்டர் உயரத்தில் கறுப்பு டேப் சுற்றி, சிமெண்ட் நிரப்பிய பழைய பெயிண்ட் டப்பாவில் நட்டு, நெட் கம்பத்தின் அருகில் வையுங்கள். டேப்பின் உயரத்தைத் தரையிலிருந்து அளந்து ஒட்டுங்கள். டப்பாவுக்கு மேலிருந்து அளந்தால் கணக்குத் தப்பிவிடும். சர்வீஸ் பார்ப்பவர் அந்த டேப்பும் தன் கண்ணும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி தாழ்வான நாற்காலியில் உட்கார வேண்டும்.